எதைக் கேட்டாலும் நாற்பத்திரண்டு

முதலில் மன்னிப்பு. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். என் எழுத்து மேடும் பள்ளமுமாகத்தான் இருக்கும். மறதியும் வந்து சேர்ந்துவிட்டது. போன கிழமை இந்தப் பத்தியில், கொட்டாஞ்சேனையில் நாங்கள் குடியிருந்த வீட்டைச் சொல்லத் தொடங்கி, பின்பக்கக் குழாயடி வரைக்கும் உங்களைக் கூட்டிப் போனேன். பிறகு எதற்காக அங்கே போனேன் என்பதை மறந்து அப்படியே விட்டுவிட்டேன். வாசித்தவர்கள் பாவம், இன்னும் குழாயடியிலேயே நிற்பீர்கள். பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கிழமை வெள்ளவத்தைக்குப் போவோம்.

மறதியைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் இந்தக் காட்சி நினைவுக்கு வந்தது. மறதி இல்லாத ஒரு பிள்ளையின் கதை இது. மறக்கவே மாட்டேன் என்று பிடிவாதமாக நின்றதால் கணக்கு வராமல் போன பிள்ளை.

நனைந்த குடை

ஒரு பள்ளிக்கூட விறாந்தை. மழை விட்டு, தகரக் கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருக்கிறது. நான் தூணோடு ஒட்டி நிற்கிறேன். என் குடையிலிருந்து வடியும் தண்ணீர் சீமெந்துத் தரையில் கோடாக ஓடி வகுப்பறை வாசலுக்குள் போகப் பார்க்கிறது. செருப்புக் காலால் அதை மறிக்கிறேன். ரீச்சர் கண்டால் என்ன நினைப்பார் என்ற கூச்சம்.

உள்ளே மனக்கணக்கு நடக்கிறது. என் தங்கை வசந்தியின் மகள் துஷாந்தி எழுந்து நிற்கிறாள். ஒன்பது வயது. வகுப்பிலேயே நெட்டை அவள்தான்.

"இருபத்தேழும் பதினெட்டும்?" என்று ரீச்சர் கேட்டார்.

துஷாவின் உதடு அசைந்தது. ஏழும் எட்டும் பதினைந்து, ஐந்தைப் போட்டு மனதில் ஒன்று, அதைத்தான் சொல்லிப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். தூணோடு நின்றபடி நானும் என் பாட்டில் கூட்டினேன்.

"நாற்பத்திரண்டு" என்றாள் துஷா.

"முப்பத்தாறும் பதினெட்டும்?"

"நாற்பத்திரண்டு."

பிள்ளைகள் சிரித்தார்கள். பின்வரிசை வாங்கிலிருந்து ஒருத்தி, "ரீச்சர், எதைக் கேட்டாலும் இவளுக்கு நாற்பத்திரண்டுதான்" என்றாள். துஷா சிரிக்கவில்லை, அழவுமில்லை. உதடு மட்டும் மறுபடி அசைந்தது.

மணி அடித்ததும் ரீச்சர் வெளியே வந்தார். இளம் பிள்ளை. ராஜி என்று பெயர்.

"நீங்கள் துஷாந்தியின்ரை அம்மாவோ?"

"இல்லை, பெரியம்மா. அம்மா வேலைக்குப் போயிட்டா."

"பெரியம்மா, எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. தாளிலை எழுதிச் செய்யச் சொன்னா முக்கால்வாசி சரி. வாயாலை கேட்டா எல்லாம் பிழை. மந்தமான பிள்ளையெண்டா தாளிலையும் வராதுதானே?"

குடையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"வாற கிழமை பெரிய ரீச்சர் புதுசாச் சேர்ந்த பிள்ளையளைத் தன்ரை அறைக்குக் கூப்பிட்டுக் கேட்பா. அவ எழுத விடமாட்டா, வாயாலைதான் கேட்பா. இப்பிடியே சொன்னா ஆண்டு ரெண்டிலை கொண்டுபோய் இருத்திப்போடுவா."

ஆண்டு இரண்டு என்றால் ஏழு வயதுப் பிள்ளைகள். துஷா இருந்ததோ ஆண்டு நாலில். அவள் உயரத்துக்கு அந்தச் சின்னக் கதிரையில் முழங்கால் நெஞ்சில் முட்டும். ரீச்சர் சொன்னது அவளுக்கும் கேட்டுவிட்டது. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது கேட்டாள்.

"பெரியம்மா, அங்கை இருக்கிறதெல்லாம் பாலர்தானே? நானும் கைகொட்டிப் பாட்டுப் பாடவேணுமோ?"

நாங்கள் அப்போது

கொலன்னாவையில் எண்ணெய்த் தாங்கிகள் எரிந்து வானம் கறுத்த காலத்துக்கு முன்னா பின்னா என்று திட்டமாகச் சொல்ல முடியவில்லை. அந்தச் சண்டைக் காலம்தான்.

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு பெரிய வீட்டின் பின்பக்க அனெக்ஸில் இருந்தோம். ஒரு அறை, ஒரு குசினி. உப்புக்காற்றில் என் கத்தரிக்கோல் கிழமைக்கு ஒரு தரம் துருப்பிடிக்கும். தேங்காயெண்ணெய் பூசித் துடைப்பேன். நான் கலியாணம் கட்டவில்லை. சாரிச் சட்டை தைத்து என் பாட்டைப் பார்த்தேன். வசந்தி என் கடைசித் தங்கை, கலியாணம் கட்டி யாழ்ப்பாணம் போனவள். இடம்பெயர்ந்து மகளோடும் புருஷனோடும் என்னிடம் வந்து சேர்ந்தாள். வெளிநாட்டு ரெலிபோன் எடுத்துக் கொடுக்கும் கடையொன்றில் அவளுக்கு வேலை கிடைத்தது.

அவள் புருஷன் சிவராசாவுக்கு வேலை கொட்டாஞ்சேனையில், ஒரு மொத்தக் கடையில். வழியெல்லாம் சோதனைச் சாவடி என்பதால் தினமும் வந்து போகமாட்டார். அங்கேயே ஒரு லொட்ஜில் தங்கி ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார். வந்த புதிதில் பொலிஸார் அந்த லொட்ஜைச் சுற்றிவளைத்து ஆட்களைக் கொண்டுபோனார்கள். அவரையும்தான். எந்தப் பொலிஸில் வைத்திருக்கிறார்கள் என்று தெரியாமல் வசந்தி வாசல் வாசலாக ஏறி இறங்கினாள். போன இடமெல்லாம் ஒரே கேள்வி: அடையாள அட்டை இலக்கம் என்ன? அவளுக்குத் தெரியவில்லை. அட்டை அவருடைய சட்டைப் பையில். அவரோ எங்கே என்று தெரியாது. பிறகு ஒருவழியாக விட்டுவிட்டார்கள். ஆனால் வசந்திக்கு அந்தப் பயம் போகவில்லை.

வாய் அசைவு

மறுநாள் காலை துஷாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். பின்னும்போது பிள்ளையின் தாடை கையில் படும் அல்லவா? அது ஓயாமல் அசைந்தது. ஏதோ மெல்லுகிறாள் என்று நினைத்தேன்.

"வாயிலை என்ன?"

"ஒண்டுமில்லை."

"பின்னை என்ன சப்புறாய்?"

"சப்பேல்லை. சொல்லிக்கொண்டிருக்கிறன்."

"என்னத்தை?"

"அம்மா சொல்லித் தந்ததை."

வசந்தி சொல்லித் தந்தது எனக்கும் தெரியும். எங்களையும் பிடித்துக்கொண்டு போனால் பிள்ளை தனித்துவிடும் என்று, சிங்களத்தில் ஒரு பாடம்போல் மனப்பாடமாக்க வைத்திருந்தாள். என் பெயர் இது, வயது இது, அப்பாவின் பெயர், அப்பாவின் அட்டை இலக்கம், வீட்டு இலக்கம், முன்வீட்டு ரெலிபோன் இலக்கம். ஒரு தரம் பாடமாக்கினால் முடிந்தது என்றுதான் நான் நினைத்திருந்தேன். இந்தப் பிள்ளையோ அதைக் கீழே வைக்கவே இல்லை. எழும்பினதிலிருந்து படுக்கும் வரைக்கும் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள்.

"ஏனம்மா எந்நேரமும்?"

"விட்டா மறந்துபோகும் பெரியம்மா. மறந்தா அப்பாவைக் கண்டுபிடிக்கேலாது."

சீப்பு என் கையில் அப்படியே நின்றது. எங்கள் அனெக்ஸின் இலக்கம் நாற்பத்திரண்டு. சிங்களத்தில் "ஹதளிஸ் தெக்க" என்று வாய்க்குள் போட்டு வைத்தது, ரீச்சர் கேட்டபோது தமிழில் வெளியே வந்திருக்கிறது! உள்ளே யார் இருந்து மொழிபெயர்த்தது? இன்றைக்கும் எனக்கு அது ஆச்சரியம்தான்.

ஏழும் எட்டும் பதினைந்து, மனதில் ஒன்று. அந்த ஒன்றை வைக்கப் போன இடத்தில் அப்பா இருந்திருக்கிறார்.

பதினாறாம் வாய்ப்பாடு

இந்த இடத்தில் ஒரு பழைய கதை சொல்ல வேண்டும். கொட்டாஞ்சேனையில் நான் படித்த பள்ளிக்கூடத்தில் எங்களுக்குப் பதினாறாம் வாய்ப்பாடு வரைக்கும் பாடம். பாட்டாகப் பாடுவோம். ஆடிக்கொண்டே பாடுவோம். வீதியில் போகிற ரிக்‌ஷாக்காரர் நின்று கேட்டுவிட்டுப் போவார். எனக்கு ஒரு பிழையும் வராது. ஆனால் வாத்தியார் நடுவில் மறித்து, "ஏழு பதினாறு எவ்வளவு?" என்று கேட்டால் எனக்குத் தெரியாது. "ஒரு பதினாறு" என்று முதலிலிருந்து பாடி ஏழுக்கு வந்தால்தான் தெரியும். பாடும்போது பக்கத்திலிருப்பவள் கிள்ளினால் எல்லாம் போச்சு, மறுபடி ஒரு பதினாறு.

தெரிந்திருப்பதும் கையில் எடுத்து வைத்திருப்பதும் இரண்டு சங்கதி என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. படித்தவர்கள் இதற்கு ஏதாவது பெயர் வைத்திருப்பார்கள். எனக்குத் தெரியாது.

இரண்டு விதக் கை

அன்று பகல் தையல் மெஷினில் இருந்தபடி நானே சோதித்துப் பார்த்தேன். வசந்தி அந்தப் பாடத்தை எனக்கு முன்னால்தான் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தவள் என்பதால் பாதி எனக்கும் தெரியும். அதை வாய்க்குள் சொல்லிக்கொண்டு துணி வெட்டினேன். அளவு நாடாவில் கையின் நீளம் பார்த்தேன். மேசையில் துணியை விரிப்பதற்குள் நீளம் போய்விட்டது. மறுபடி பார்த்தேன். மறுபடியும் போனது. சரி, இவ்வளவுதான் இருக்கும் என்று வெட்டிவிட்டேன்.

பின்னேரம் பரீதா சட்டை எடுக்க வந்தாள். பரீதா கொம்பனித்தெருவில் பிறந்து பாமன்கடையில் வாழ்க்கைப்பட்டவள். வாய் ஓயாது. போட்டுப் பார்த்தாள். கண்ணாடிக்கு முன்னால் இரண்டு கையையும் நீட்டினாள்.

"என்னக்கா இது? வலது கை கலியாணத்துக்குப் போகுது, இடது கை மீன் வெட்டப் போகுதா?"

எனக்கு முகமெல்லாம் சுட்டது. ஒரு கை இரண்டு விரல் அளவு கட்டை. வேறு வழியில்லாமல் நடந்ததைச் சொன்னேன். இலக்கத்தைச் சொல்லவில்லை, பிள்ளை ஒன்றைச் சொல்லிக்கொண்டே இருக்கிறாள், அதனால் கணக்கு வரவில்லை என்று மட்டும் சொன்னேன். பரீதா சிரிப்பை நிறுத்திவிட்டுக் கட்டிலில் குந்தினாள்.

"அது வராதுதான் அக்கா. எங்கட மாமி மணிமாலைய வச்சி தஸ்பீஹ் ஓதுற நேரம் பார்த்தீக்கீங்களா? வாய் ஓதும், எண்ணிக்கை மணியில ஈக்கும். நடுவுல யாரும் சலாம் சென்னா, அந்த மணிய விரலுக்குள்ள இறுக்கிப் புடிச்சிக்கிட்டு பதில் செல்லுவா. பொறகு அதே மணியில இருந்து போவா. ஓதுறத்துக்கும் எண்ணுறத்துக்கும் ஒரே வாய்தானே ஈக்கி? அதுதான் கைக்கிட்ட குடுத்தீக்கி."

"இது மணியிலை வைக்கக்கூடிய சாமான் இல்லையே பரீதா."

"அப்ப ஆளுக்கிட்ட குடுங்க. நம்பிக்கையான ஆளா பாத்து." எழும்பும்போது மறுபடி கையை நீட்டிப் பார்த்தாள். "ஆனா என்ட சட்டை தைக்கிற ஆளுக்கிட்ட மட்டும் குடுத்திராதீங்க."

வசந்தியின் பயம்

இரவுச் சாப்பாட்டுக்கு முன் வசந்தியிடம் சொன்னேன். ஒரு தாளில் எழுதிச் சட்டையின் உள்மடிப்பில் வைத்துத் தைத்துவிடுகிறேன், பிள்ளை வாயில் வைத்திருக்க வேண்டாம் என்றேன்.

"தாளோ? உங்களுக்கு என்ன விசரே அக்கா? ஆம்பிளையின்ரை பேரும் இலக்கமும் எழுதின தாள் பள்ளிக்கூடப் பிள்ளையின்ரை மடிப்புக்குள்ளை இருந்தா, ஏன் ஒளிச்சு வைச்சிருக்கு எண்டு கேட்க மாட்டாங்களே?"

"அப்ப சொல்லுறதை நிப்பாட்டச் சொல்லு. அவளுக்குப் பாடம்தானே."

"நிப்பாட்டி மறந்துபோனா?"

"ஆண்டு ரெண்டிலை இருத்தப் போறாங்கள் வசந்தி."

"இருத்தட்டும். படிப்பைப் பிறகும் படிக்கலாம். அவளின்ரை அப்பா போனா ஆரிட்டைக் கேட்கிறது?"

மூலையில் இருந்து புத்தகம் பார்ப்பதுபோல் இருந்த துஷாவின் உதடு, நாங்கள் கதைத்த நேரம் முழுக்க அசைந்துகொண்டிருந்தது.

கையளிப்பு

பெரிய ரீச்சர் கூப்பிட்ட நாள் வந்தது. வசந்தி விடியவே வேலைக்குப் போய்விட்டாள். தலை பின்னும்போது நான் கேட்டேன்.

"துஷா, அதைக் கொஞ்ச நேரத்துக்கு என்னட்டைத் தாறியோ? பள்ளிக்கூடம் விடுமட்டும் நான் சொல்லிக்கொண்டிருக்கிறன். நீ கணக்கைச் செய்."

அவள் திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"உங்களுக்குப் பாடமோ?"

"பாதி பாடம்."

"பாதி சரிவராது."

பிறகு என்னை இருத்திப் படிப்பித்தாள். அப்படியொரு கண்டிப்பான வாத்தியாரை நான் கொட்டாஞ்சேனையில்கூடக் கண்டதில்லை. வரிக்கு வரி சொல்லித் தந்து, முழுக்க ஒப்புவிக்கச் சொன்னாள். இலக்கத்தின் நடுவில் ஒரு எண்ணை விட்டுவிட்டேன். "விட்டிட்டீங்கள். முதல்லையிருந்து." மறுபடி. "மெல்லமாச் சொல்லாதேங்கோ, பொலிசுக்குக் கேட்காது." மறுபடி. நான் பிழையில்லாமல் ஒப்புவித்த பிறகும் அவளுக்கு முழுத் திருப்தி இல்லை.

"ஒருத்தரோடையும் கதைக்கக் கூடாது. ஆரும் சுகமோ எண்டு கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டவேணும்."

எனக்கு அது கஷ்டமில்லை. நான் எப்போதும் அப்படித்தான்.

ஒழுங்கையால் நடந்தோம். அவள் வாய் அசைகிறதா என்று ஓரக்கண்ணால் பார்த்தேன். முதலில் அசைந்தது. என் வாய் அசைவதைப் பார்த்தாள். பிறகு மெல்ல மெல்ல நின்றது. பள்ளிக்கூட வாசலில், "விட்டிடாதேங்கோ" என்றாள்.

பெரிய ரீச்சரின் அறை

அறைக்கு வெளியே வாங்கில் இருந்தேன். கதவு பாதி திறந்திருந்தது. பெரிய ரீச்சரின் குரல் தெளிவாகக் கேட்டது, ஆனால் என்னால் கவனிக்க முடியவில்லை. என் வாய்க்குள் அப்பா, இலக்கம், வீடு என்று சுற்றிக்கொண்டிருந்தது. உள்ளே "முப்பத்தெட்டும் இருபத்தைந்தும்" என்று ஏதோ கேட்டது. என் பாட்டில் கூட்டிப் பார்க்கப் போனேன். எட்டும் ஐந்தும் பதின்மூன்று என்பதற்குள் அப்பாவின் இலக்கம் வழுக்கியது. பதறிப்போய்க் கணக்கை விட்டேன். ஒன்பது வயதுப் பிள்ளை மாதக் கணக்காக இப்படியா இருந்தாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ராஜி ரீச்சர் அந்தப் பக்கமாக வந்து, "பெரியம்மா, பயப்பிடுறியளோ? செபம் சொல்லுறியளோ?" என்று கேட்டார். தலையை ஆட்டினேன்.

துஷா வெளியே வந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பின்னால் பெரிய ரீச்சர் வந்தார். "ஒண்டு பிழை விட்டவ. மற்றதெல்லாம் சொன்னா. கொஞ்சம் நேரமெடுத்து ஆறுதலாத்தான் சொல்லுறா, அதாலை என்ன? நாலிலையே இருக்கட்டும்" என்றார்.

ராஜி ரீச்சர் துஷாவின் தோளைப் பிடித்து, "எப்பிடியடி?" என்று கேட்டார்.

"மனசிலை ஒண்டு எண்டு வைச்சனான் ரீச்சர். திரும்பிப் போய்ப் பார்த்தா, வைச்ச இடத்திலையே இருந்தது."

அதை அவள் சொன்ன விதம்! ஏதோ அதிசயத்தைக் கண்டதுபோல். மற்றப் பிள்ளைகளுக்கு அது எப்போதும் அப்படித்தான் இருக்கும் என்பது அவளுக்குத் தெரியாது. ராஜி ரீச்சருக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்னால் சொல்லவும் முடியாது, வாய் வேலையாக இருந்தது.

சந்தியில்

திரும்பும்போது எங்கள் ஒழுங்கை காலி வீதியில் ஏறும் சந்தியில் மறித்தார்கள். மணல் மூட்டைக்குப் பக்கத்தில் ஒரு இளம் பொலிஸ்காரன், நிழலில் கதிரை போட்டு ஒரு வயதானவர். இளையவன் என் அட்டையை வாங்கினான். பார்த்துக்கொண்டே, பிள்ளைக்குப் பயம் தெளியட்டும் என்றோ என்னவோ, துஷாவிடம் சிங்களத்தில் கேட்டான், வீடு எங்கே நங்கி, அதாவது தங்கச்சி, என்று.

துஷா வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. என்னைப் பார்த்தாள்.

"பெரியம்மாட்டைத்தான் இருக்குது" என்றாள் தமிழில்.

அவனுக்கு விளங்கவில்லை. முகம் மாறியது. என் பக்கம் திரும்பி, என்ன சொல்கிறாள், வீடு எங்கே என்று கொஞ்சம் உரத்துக் கேட்டான். விடியலிலிருந்து வாயில் சுற்றிக்கொண்டிருந்தது கதவு திறந்ததும் தானாகவே புறப்பட்டுவிட்டது.

"மகே நம துஷாந்தி. மட்ட அவுருது நவயய்" என்றேன்.

என் பெயர் துஷாந்தி, எனக்கு ஒன்பது வயது!

அதோடு நிற்கவும் என்னால் முடியவில்லை. பதினாறாம் வாய்ப்பாடு மாதிரி அது. தொடங்கினால் முடியும் வரைக்கும் போகும். என் அப்பாவின் பெயர் சிவராசா, அட்டை இலக்கம் இன்னது என்று பாதி வரைக்கும் போய்விட்டேன். அவன் கையிலிருந்த அட்டையில் மங்கையர்க்கரசி என்று இருக்கிறது. வயது ஐம்பதுக்குக் கிட்ட. அட்டையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடி அட்டையைப் பார்த்தான். அந்த நாட்களில் அட்டையில் ஒரு பெயரும் வாயில் ஒரு பெயருமாக இருந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கதிரையிலிருந்து பெரியவர் எழும்பி வந்தார்.

அப்போது துஷா சிரித்தாள்.

வந்த நாளிலிருந்து அப்படியொரு சிரிப்பை அவளிடம் நான் கேட்டதில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஏ மம!" என்றாள், அது நான்! பிறகு வகுப்பில் நிற்பதுபோல் நிமிர்ந்து நின்று, மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். பெயர், வயது, அப்பா, அந்த நீண்ட இலக்கம், ஹதளிஸ் தெக்க, ரெலிபோன். ஒரு எண் பிசகவில்லை. முடித்துவிட்டு என்னைக் காட்டி, இது பெரியம்மா, எனக்காகச் சொல்லிக்கொண்டிருந்தவ என்று அரைகுறைச் சிங்களத்தில் விளக்கமும் சொன்னாள்.

பெரியவர் சிரிக்காமல் இருக்கப் பார்த்தார், முடியவில்லை. என் அட்டையை வாங்கித் திருப்பித் தந்தார். "மே நோனாவத் இஸ்கோலெட்ட தாண்ட ஓனெ" என்றார் இளையவனிடம். இந்த அம்மணியையும் பள்ளிக்கூடத்தில் போட வேண்டும் என்று. எந்த ஆண்டில் என்று அவர் சொல்லவில்லை.

ஒழுங்கைக்குள் வந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

"மறந்திட்டாய் எண்டெல்லோ நினைச்சன்" என்றேன்.

"நானும் அப்பிடித்தான் நினைச்சனான். அவர் கேட்கேக்கை ஒண்டுமே இல்லை. நீங்கள் உங்களுக்கு ஒன்பது வயசு எண்டு சொன்னோடனை எல்லாம் வந்திட்டுது."

"அவ்வளவு நேரமும் எங்கை இருந்தது?"

அவள் நின்று யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். "தெரியேல்லை பெரியம்மா. ஆனா நான் பிடிச்சுக்கொண்டிருக்கேல்லை. அது தன்ரை பாட்டிலை இருந்திருக்கு."

அதன் பிறகு

வசந்திக்கு நடந்ததைச் சொன்னபோது முதலில் எனக்குத்தான் ஏச்சு. பிறகு அவளே பிள்ளையைச் சோதிக்கத் தொடங்கினாள். புட்டுக் குழைத்துக் கொடுக்கும்போது திடீரென்று கேட்பாள். குளிக்க வார்க்கும்போது, கண்ணில் சவர்க்காரம் இருக்கும்போது கேட்பாள். எப்போது கேட்டாலும் துஷா சொன்னாள். சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து புட்டைச் சாப்பிட்டாள். கொஞ்ச நாளில் வசந்தியும் கேட்பதை விட்டுவிட்டாள்.

சந்தியில் மறித்ததற்கு மறுநாள் தலை பின்னும்போது தாடை அசையவில்லை. "இண்டைக்கு என்னட்டைத் தரேல்லையோ?" என்று கேட்டேன்.

"வேண்டாம் பெரியம்மா. நீங்கள் பரீதா அன்ரியின்ரை சட்டையைத் தையுங்கோ."

கணக்கில் அவள் புலியாகிவிட்டாள் என்று எழுதினால் அது பொய். நடுத்தரம்தான். ஆனால் நாற்பத்திரண்டு போய்விட்டது. சில வேளை விடையே நாற்பத்திரண்டாக வருகிற கணக்கைக் கேட்டால் வகுப்பே திரும்பி அவளைப் பார்க்குமாம். அவளும் சிரிப்பாளாம்.

சிவராசா ஞாயிற்றுக்கிழமைகளில் வந்துகொண்டுதான் இருந்தார். பிறகு எல்லோருமாகக் கனடாவுக்குப் போனார்கள். அந்த இலக்கம் யாருக்கும் ஒருநாளும் தேவைப்படவில்லை.

எனக்கு ஒரு சந்தேகம்

இதில் எத்தனை பிழை இருக்கும் என்று தெரியாது. ஆண்டு நாலா ஐந்தா, பெரிய ரீச்சர் கேட்டது முப்பத்தெட்டா நாற்பத்தெட்டா, பரீதாவின் சட்டையில் கட்டையானது வலது கையா இடது கையா என்பதையெல்லாம் அறிந்தவர்கள் சரிபார்த்துப் பத்திரிகைக்கு எழுதினால் நல்லது.

இன்னொன்று துஷாவுக்கு. இந்தப் பத்திரிகையை அங்கே கணினியில் வாசிக்கிறாய் என்று அம்மா சொன்னாள். நீ அன்றைக்குத் தந்ததை நீ திருப்பி வாங்கவே இல்லை. இப்போது எனக்குக் காலையில் குடித்த தேத்தண்ணி மறந்துபோகிறது, மருந்து குடித்தேனா என்பது மறந்துபோகிறது, அது மட்டும் போகவில்லை. ஆனால் அப்பாவின் இலக்கத்தின் நடுவில் ஒரு இடத்தில் ஆறா எட்டா என்று கொஞ்ச நாளாகத் தடுமாறுகிறது. அதை இங்கே எழுதக் கூடாது. ஒருநாள் ரெலிபோன் எடு. முழுக்கச் சொல்கிறேன், சரியா என்று பார்.

நான் சொல்லி முடியும்வரைக்கும் சுகமா என்று மட்டும் கேட்டுவிடாதே.